பந்தியில் முதல் இலை யாருக்கு?



கோயில் வாட்ஸ்அப் குரூப்புல மூணு நாளா ஓடுற பேச்சுக்கு அங்கேயே ரெண்டு வரி பதில் போடலாம்னுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டு போச்சு. அதனால இங்க எழுதுறேன். கொஞ்சம் பொறுமையா படிங்க. நான் எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவன். முப்பது வருஷத்துக்கு மேல ஃபேக்டரி வேலை, இப்ப சூப்பர்வைசர். வெள்ளிக்கிழமையும் விசேஷ நாளும் நம்ம கோயில் மடப்பள்ளியிலயும் பந்தியிலயும் என்னைப் பார்த்திருப்பீங்க. சொல்ற விதத்துல தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க. சொல்ற விஷயத்துல தப்பு இருந்தா நேர்ல வந்து சொல்லுங்க.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு 'வெளியாளுங்க' நிறைய வர ஆரம்பிச்சிட்டாங்க. நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார்னு பக்கத்து ஃபேக்டரி ஹோஸ்டல்ல இருக்கிற தொழிலாளிங்க. அதனால இனிமே உறுப்பினர்களுக்கும் உபயக்காரர் குடும்பத்துக்கும் டோக்கன் கொடுக்கலாம், மிச்சம் இருந்தா மத்தவங்களுக்குப் போடலாம்னு ஒரு யோசனை வந்திருக்கு. குரூப்புல நிறைய பேர் கட்டை விரல் காட்டிட்டாங்க. முதல் கட்டை விரல் போட்ட ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். அதை இன்னைக்கு நான் திரும்ப எடுத்துக்கிறேன். ஏன்னு சொல்றேன்.

ரெண்டு வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. பந்தி வாசல்ல நான்தான் நின்னேன். ஆறு பேர் வந்தாங்க. வேலை முடிஞ்சு நேரா வந்த மாதிரி இருந்துச்சு. காலைக் கழுவிட்டு, சன்னிதியில கும்பிட்டு, வரிசையில வந்து நின்னாங்க. உபயக்காரர் வீட்டுச் சொந்தக்காரங்க அன்னைக்கு நிறைய. நான் கையைக் காட்டி, 'துங்கு டூலு'ன்னு சொன்னேன். அவங்களும் ஒண்ணும் சொல்லாம செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல போய் நின்னாங்க. முக்கால் மணி நேரம் நின்னிருப்பாங்க. கடைசிப் பந்தி எழுந்திரிச்சப்ப சோத்து அண்டாவுல கரண்டி அடி தட்டுற சத்தம் கேட்டுச்சு. 'சுடா ஹாபிஸ்'னு கையை விரிச்சேன். சிரிச்ச முகத்தோடயா சொன்னேன்? இல்ல. 'இதுக்குத்தான் வர்றீங்களா'ங்கிற மாதிரி ஒரு முகம். அந்த முகத்தை நான் கண்ணாடியில பார்க்கல, ஆனா எனக்குத் தெரியும்.

அவங்க திரும்பவும் முருகனை ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிட்டாங்க.

இதுல இன்னொண்ணும் சொல்லணும், சொல்லாம விட்டா பொய்யாயிடும். அந்த நேரத்துல மடப்பள்ளி மேசைக்கு அடியில எட்டுப் பொட்டலம் பூங்குஸ் கட்டி வச்சிருந்தோம். தொண்டு செய்றவங்க வீட்டுக்குக் கொண்டு போறதுக்கு. அதுல ரெண்டு என்னோடது. வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்தா, பிள்ளைங்க வெளிய சாப்பிட்டு வந்துட்டாங்க. மறுநாள் காலையில அது குப்பைக்குப் போச்சு.

திங்கட்கிழமை வேலைக்குப் போறேன். என் லைன்லயே புதுசா ஏஜென்ட் மூலமா வந்த பையன் ஒருத்தன். தொப்பி, முகக்கவசம் எல்லாம் போட்டிருந்ததால அதுவரைக்கும் முகத்தைச் சரியா பார்த்ததில்ல. ஓய்வு நேரத்துல முகக்கவசத்தை இறக்கினான். அந்த ஆறு பேர்ல ஒருத்தன். அவனுக்கு என்னை முதல்லயே தெரிஞ்சிருக்கு. கோபம் இல்ல, ஒண்ணும் இல்ல. 'செலாமட் பாகி, பாஸ்'னு தலையை ஆட்டினான். நானே போய்க் கேட்டேன், வெள்ளிக்கிழமை அப்புறம் எங்க சாப்பிட்டீங்கன்னு. அரைகுறை மலாய்ல அவன் சொன்னது, 'ஹோஸ்டல்ல மேகி இருந்துச்சு பாஸ். நாங்க சாப்பாட்டுக்கு வரல, எங்க ஊர்லயும் கோயில்ல பிரசாதம் கொடுப்பாங்க, ஒரு பிடி கிடைச்சா போதும்னு வந்தோம்.'

அவன் நேப்பாளி. அவனும் சாமி கும்பிடுறவன்தான். அதனால அவனுக்குப் போட்டிருக்கணும்னு நான் சொல்ல வரல. அந்த ஆறு பேர்ல ஒருத்தன் முஸ்லிமாவோ பௌத்தனாவோ இருந்திருந்தாலும் நான் செஞ்சது அதே தப்புதான். ஏன் இவ்வளவு உறுதியா சொல்றேன்னா, நானும் ஒருநாள் அடுத்த மதத்துக்காரங்க வாசல்ல பசியோட நின்னிருக்கேன்.

1988 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. எனக்கு 18 வயசு. கூலிம் பக்கம் ஒரு தோட்டத்துல லயத்து வீடு. எஸ்.பி.எம். ரிசல்ட்டை ஒரு பிளாஸ்டிக் பையில சுத்திக்கிட்டு பிறையில ஃபேக்டரி ஃபேக்டரியா வேலை கேட்டு அலைஞ்சேன். எங்கேயும் கிடைக்கல. சாயங்காலம் புக்கிட் மெர்தாஜாம் வந்து சேர்ந்தப்ப கூலிமுக்குப் போற கடைசி பஸ் போயிடுச்சு. நல்ல மழை. சட்டைப் பையில ரெண்டு வெள்ளிகூட இல்ல. ஜனங்க கூட்டம் கூட்டமா ஒரு பக்கமா போறாங்க, வெளிச்சமா இருக்குன்னு நானும் பின்னாலேயே போனேன். போனா அது புனித அன்னம்மாள் கோயில் திருவிழா.

வடக்குல இருக்கிறவங்களுக்குத் தெரியும், நாம எல்லாரும் 'செயின்ட் ஆன்'னு சொல்ற இடம். அன்னம்மாள்னா மரியாளுக்குத் தாயார், ஏசுவுக்குப் பாட்டி. வருஷா வருஷம் ஜூலை 26 அவங்க திருநாள். இப்ப பார்க்கிற பெரிய கோயில் அப்ப கிடையாது, அது 2002-ல வந்தது. குன்றுப் பக்கம் 1888-ல கட்டின பழைய கோயில்தான் அப்ப. சீனர், தமிழர், யூரேசியர்னு எல்லா இனமும் மெழுகுவர்த்தியோட நிக்குது. நம்ம ஆளுங்களும் நேர்த்திக்கடன் வச்சுப் போறதுண்டு. ஆனா நான் நேர்த்திக்கடனுக்குப் போகல. மழைக்கு ஒதுங்கப் போனேன். நெத்தியில திருநீறு பாதி கரைஞ்சு நிக்குது. யாராவது வந்து 'நீ யாரு, இங்க என்ன வேலை'ன்னு கேட்டுடுவாங்களோன்னு பயம்.

ஒரு கூடாரத்துக்குக் கீழ பாய் விரிச்சு ஒரு தமிழ்க் குடும்பம் உட்கார்ந்திருந்துச்சு. ஈப்போ பக்கத்துல இருந்து வேன்ல வந்தவங்க. வெள்ளைச் சேலை கட்டின ஒரு பாட்டி என்னைப் பார்த்து, "ஏன் தம்பி நனையுற, உள்ள வா. சாப்டியா?"ன்னு கேட்டாங்க. நான் சாப்டேன்னு பொய் சொன்னேன். அவங்க நம்பல. தட்டை எடுத்தாங்க. அப்புறம் என் நெத்தியைப் பார்த்துட்டு, "இன்னைக்கு செவ்வாய்க்கிழமை, விரதமாய்யா? கறி வேணாம்னா பருப்பும் ரசமும் இருக்கு"ன்னாங்க.

அன்பர்களே, இந்த ஒரு கேள்வியை முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆகியும் என்னால மறக்க முடியல. அவங்க கோயில்ல, அவங்க திருவிழாவுல, என் விரதத்தை அவங்க நினைச்சுப் பார்த்தாங்க. முதல் தட்டு எனக்குத்தான் வந்துச்சு. அவங்க சொந்தப் பேரனுங்களுக்கு இன்னும் போடல. அந்தச் சின்னப் பசங்க என் தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. சாப்பிட்டு முடிச்ச அப்புறம்தான் என் பேரையே கேட்டாங்க. ராத்திரி படுக்கப் பாய் கொடுத்தாங்க. காலையில "பசியாறிட்டுப் போ"ன்னு ரொட்டியும் காப்பியும் கொடுத்து, பஸ்ஸுக்கு ரெண்டு வெள்ளியும் கையில வச்சாங்க. பைபிள் கொடுக்கல. ஜெபத்துக்கு வான்னு கூப்பிடல. ஏன் பாட்டி எனக்கு இவ்வளவு செய்றீங்கன்னு கேட்டதுக்கு, "சாமி எந்த முகத்தோட வந்து நிப்பாருன்னு நமக்கு எப்படிய்யா தெரியும்"னு சொன்னாங்க. அவ்வளவுதான். அவங்க பேரை நான் கேட்கவே இல்ல. அது என் தப்பு.

அந்தப் பேச்சுக்கு அர்த்தம் பல வருஷம் கழிச்சு, எங்க ஃபேக்டரியில குவாலிட்டி செக்கிங்ல இருந்த ஒரு கத்தோலிக்க நண்பர் மூலமாதான் புரிஞ்சது. அவங்க வேதத்துல மத்தேயு எழுதினதுல 25-ஆம் அதிகாரத்துல ஒரு நியாயத்தீர்ப்புக் காட்சி வருதாம். கடைசி நாள்ல ராஜா உட்கார்ந்து ஜனங்களை ரெண்டு பக்கமா பிரிக்கிறார். எத்தனை தடவை கோயிலுக்கு வந்தேன்னு அந்த இடத்துல கேட்கல. பசியா இருந்தப்ப சோறு போட்டியா, அந்நியனா வந்தப்ப சேர்த்துக்கிட்டியா, துணி இல்லாதப்ப கொடுத்தியா, நோயிலயும் சிறையிலயும் வந்து பார்த்தியா, இதுதான் கணக்கு. இந்த எளியவங்களுக்குச் செஞ்சது எனக்கே செஞ்சதுன்னு அவர் சொல்றார்.

இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, ரெண்டு பக்கத்துல நிக்கிறவங்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாங்க. உங்களை நாங்க எப்ப சாமி பார்த்தோம்னு. செஞ்சவனுக்கும் தெரியல, செய்யாதவனுக்கும் தெரியல. வந்தது யாருன்னு தெரிஞ்சிருந்தா எல்லாருமே ஓடிப்போய்ச் செஞ்சிருப்பாங்களே. தெரியாத ஆளுக்கு என்ன செஞ்சேங்கிறதுதான் அங்க பரீட்சை.

ஆபிரகாம் கதையும் அவர் சொன்னார். வெயில் நேரத்துல முன்பின் தெரியாத மூணு பேர் கூடார வாசல்ல நிக்கிறாங்க. வயசான மனுஷன் எதிர்கொண்டு ஓடிப் போய், கால் கழுவத் தண்ணி கொடுத்து, நிழல்ல உட்கார வச்சு விருந்து வைக்கிறார். வந்தது தெய்வத்தோட ஆளுங்கன்னு அப்புறம்தான் தெரியுது. அந்நியர்களை உபசரிக்க மறக்காதீங்க, அப்படிச் செஞ்ச சிலர் தங்களுக்குத் தெரியாமலே தேவதூதர்களை உபசரிச்சிருக்காங்கன்னு பின்னால ஒரு கடிதத்துலயும் வருதாம். அதனால அவங்களுக்கு விருந்தாளியை உபசரிக்கிறது நல்ல பழக்கம் மட்டும் இல்ல, ஜெபம் மாதிரி அது விசுவாசத்தோட ஒரு பகுதி. 'எல்லாரும் அப்படி நடக்குறாங்களா?'ன்னு நான் கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, 'எங்க சர்ச்சுலயும் கமிட்டி இருக்கு'ன்னார்.

இதைக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்து யோசிச்சேன். இது நமக்குப் புதுசா? பெரியபுராணத்துல இளையான்குடி மாற நாயனார் இருக்கார். அடியாருக்குச் சோறு போட்டுப் போட்டே சொத்தெல்லாம் கரைஞ்சு போச்சு. ஒரு நடுராத்திரி, மழை, வீட்டுல ஒரு மணி அரிசி இல்ல. கதவைத் தட்டி ஒரு அடியார் வர்றார். நாயனார் இருட்டுல கூடையைத் தலையில கவிழ்த்துக்கிட்டு வயலுக்குப் போய், அன்னைக்குப் பகல்ல விதைச்ச நெல்லை மழைத் தண்ணியில இருந்து அள்ளிக்கிட்டு வர்றார். அடுப்பெரிக்க விறகு இல்லன்னு கூரைக் கட்டையை வெட்டிப் போடுறார். கீரையைப் பறிச்சுக் கொடுக்க, அந்த அம்மா அதையே பல கறியா சமைக்கிறாங்க. வந்தது சிவபெருமான்னு கடைசியிலதான் தெரியுது.

"அவர் சிவனடியாருக்குத்தானே போட்டார், கண்டவனுக்கா போட்டார்?"னு ஒரு அண்ணன் குரூப்புல கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனா அந்த ராத்திரியில நாயனார் வந்தவர்கிட்ட உறுப்பினர் கார்டு கேட்கல. உபயம் கட்டினீங்களான்னு கேட்கல. மழையில நனைஞ்சு வந்த ஆளை உள்ள கூப்பிட்டுத் துடைச்சு விட்டார். ஈப்போ பாட்டியும் அதைத்தான் செஞ்சாங்க.

விருந்துன்னா என்ன அர்த்தம்னு தமிழ் வாத்தியார் ஒருத்தர் ஒரு தடவை நம்ம கோயில் சொற்பொழிவுல சொன்னது ஞாபகம் இருக்கா? பழைய தமிழ்ல விருந்துன்னா புதுசு. தொல்காப்பியத்துலயே அந்தப் பொருள்ல வருதாம். அப்ப விருந்தாளின்னா சொந்தக்காரன் இல்ல, புதுசா வந்தவன். திருக்குறள்ல ஒன்பதாவது அதிகாரம் விருந்தோம்பல். சுற்றத்தைப் பேணுறதுக்கு வள்ளுவர் வேற அதிகாரமே வச்சிருக்கார். நாம ரெண்டையும் ஒண்ணாக்கிட்டோம். தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு வைக்கிறோம், நல்ல விஷயம்தான், ஆனா வர்றது எல்லாம் தெரிஞ்ச முகம். உபயக்காரர் வீட்டு ஜனங்களுக்கே போட்டு முடிச்சா அது நல்ல சாப்பாடு, அதுக்கு அன்னதானம்னு பேர் வைக்க எனக்கு மனசு வரல.

அந்த அதிகாரத்துலயே அனிச்சப் பூவைப் பத்தி வருது. அந்தப் பூ மோந்து பார்த்தாத்தான் வாடும், விருந்தாளியோ நம்ம முகம் மாறினதைப் பார்த்தாலே வாடிடுவாராம். அன்னைக்கு அண்டாவுல சோறு தீர்ந்தது என் தப்பு இல்ல. என் முகம் திரிஞ்சதுதான் தப்பு. சோறு இல்லன்னா, ஒரு வாழைப்பழத்தைக் கையில கொடுத்து, 'மன்னிச்சுக்கோ தம்பி, அடுத்த வெள்ளி முதல்ல வா'ன்னு சொல்லியிருக்கலாம்.

இப்ப குரூப்புல வந்த மத்த ஆட்சேபணைங்களுக்கு வர்றேன்.

"சோறு போட்டே நம்ம ஆளுங்களை மதம் மாத்துறாங்க, நீங்க அவங்களைப் புகழுறீங்க." அப்படி நடக்கலன்னு நான் சொல்லல. சோத்தைத் தூண்டிலா போடுறவன் எந்த மதத்துல இருந்தாலும் தப்புதான். அது உபசரிப்பு இல்ல, வியாபாரம். ஆனா என்னைப் பாருங்க. அவங்க சோத்தைச் சாப்பிட்டவன் இன்னைக்கு வரைக்கும் முருகன் கோயில் மடப்பள்ளியில நிக்கிறேன். ஒண்ணு மட்டும் நாம நம்மையே கேட்டுக்கணும். கஷ்டத்துல இருக்கிற நம்ம ஆள் ஒருத்தன் முதல்ல நம்ம வாசலுக்கு வந்தப்ப அவன்கிட்ட யாராவது சாப்டியான்னு கேட்டோமா?

"உபயக்காரர் காசு கட்டுறார், அவர் குடும்பத்துக்கே பத்தலன்னா எப்படி?" நியாயம்தான். அவங்க மனசு நோகக் கூடாது. ஆனா கணக்கைப் பாருங்க. ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு வரும். வெளியில இருந்து வர்றவங்க, நான் எண்ணின வரைக்கும், முப்பதைத் தாண்டினதில்ல. கூட நாலு கிலோ அரிசி, அதுக்குத் தகுந்த பருப்பு, காய். ஒரு குடும்பம் வெளிய போய் ஒரு வேளை சாப்பிடுற காசு. அதை மாசத்துல ஒரு வெள்ளிக்கு நான் ஏத்துக்கிறேன். மீதி வெள்ளிக்கு மூணு பேர் கை தூக்கினா முடிஞ்சது.

"குடிச்சிட்டு வர்றாங்க, சத்தம் போடுறாங்க." அப்படி வர்ற ஆளை வெளிய வைக்கிறது சரிதான். ஆனா போன தைப்பூசத்துல குடிச்சிட்டு வந்தது யாரு? வெளியாளா? சொல்ல வேணாம், எல்லாருக்கும் தெரியும்.

"பெர்மிட் இல்லாதவன் வந்தா கோயிலுக்குப் பிரச்சனை." இதுல பயம் இருந்தா நிர்வாகம் ஒரு வக்கீலைக் கேட்டுத் தெளிவு பண்ணிக்கட்டும். பந்தியில ஒரு இலைச் சோறு வைக்கிற தொண்டன் பெர்மிட் பார்க்கிற அதிகாரி இல்ல.

நம்ம தாத்தா பாட்டிங்க எப்படி இங்க வந்தாங்க? எங்க தாத்தா நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குல இறங்கினவர். கையில ஒரு தகரப் பெட்டி. பாஷை தெரியாது, ஊர் தெரியாது. கடைசி வரைக்கும் அவர் சொன்னது, இறங்கின முதல் நாள் யாரோ ஒருத்தர் கொடுத்த கஞ்சியைப் பத்தி. கொடுத்த ஆள் யாருன்னு அவருக்கும் தெரியாது. அந்தக் கஞ்சி குடிச்ச வம்சம்தான் இன்னைக்கு வாசல்ல நின்னு 'துங்கு டூலு' சொல்லுது.

சீக்கியர்களோட குருத்வாராவுல லங்கர் பாருங்க. யார் போனாலும் ஒரே வரிசையில தரையில உட்கார வச்சுப் போடுறாங்க. வள்ளலார் 1867-ல வடலூர்ல தருமசாலை தொடங்கினார், அந்த அடுப்பு இன்னும் எரியுது. அங்கேயும் சாதி, மதம் கேட்கிறதில்ல. அவர் நம்ம ஆள்தானே?

அதனால தலைவர் ஐயாவுக்கும் கமிட்டிக்கும் என்னோட பணிவான வேண்டுகோள் நாலு.

ஒண்ணு, டோக்கன் வேணாம். வரிசை ஒண்ணுதான். முன்னால வந்தவங்க முன்னால. வயசானவங்க, சின்னப் பிள்ளைங்க, வேலை முடிஞ்சு களைச்சு வந்தவங்களுக்கு வழி விடலாம்.

ரெண்டு, வாசல்ல ரெண்டு பேரைப் போடுவோம், தடுக்கிறதுக்கு இல்ல, கூப்பிடுறதுக்கு. 'சூடா மாக்கான்?'னு கேட்கத் தெரிஞ்சா போதும். காலைக் கழுவ இடம், செருப்பு வைக்க இடம், தட்டு வைக்க இடம் காட்டட்டும். நம்ம ஒழுங்கு அவங்களுக்குத் தெரியலன்னா சொல்லிக் கொடுக்க ஆள் வேணும், முறைக்க ஆள் வேணாம்.

மூணு, உபயக்காரர் குடும்பமே கரண்டி பிடிச்சுப் பரிமாறட்டும். தன் காசுல வந்த சோறு பசிச்சவன் வயித்துல இறங்குறதைக் கண்ணால பார்த்தா அடுத்த வருஷம் அவங்களே ரெட்டிப்பாக் கொடுப்பாங்க.

நாலு, கடைசிப் பந்தி முடியுற வரைக்கும் மேசைக்கு அடியில பூங்குஸ் கிடையாது. இதுல முதல் ஆள் நான்.

அந்த நேப்பாளிப் பையன்கிட்ட போன வாரம் மன்னிப்புக் கேட்டேன். சூப்பர்வைசர் வந்து மன்னிப்புக் கேட்டா அவன் என்ன செய்வான், பாவம், பதறிப் போயிட்டான். 'தாப்பா, பாஸ், தாப்பா'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டான். இந்த வெள்ளி நண்பர்களையும் கூட்டிக்கிட்டு வான்னு சொல்லியிருக்கேன். வருவான்னு நினைக்கிறேன். வராமலும் போகலாம், ஒரு தடவை வாடின முகம் அது.

வந்தா, நான் வாசல்லதான் நிப்பேன். முதல் பந்தியில அவங்களுக்கு இலை போடுறேன். உபயக்காரர் யாருக்காவது மனசுக்குச் சங்கடமா இருந்தா என்கிட்ட சொல்லுங்க, என் பங்கை அவங்க இலையில வைக்கிறேன். ஈப்போ பாட்டிக்கு நான் திருப்பிக் கொடுக்க வேண்டிய சோறு இன்னும் பாக்கி இருக்கு. அவங்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. வாசல்ல வந்து நிக்கிறவங்களுக்குத்தான் கொடுக்க முடியும்.

யார் மனசாவது புண்பட்டிருந்தா மன்னிக்கவும். கருத்து இருந்தா எழுதுங்க, சண்டை வேணாம். வெள்ளிக்கிழமை காய் நறுக்க ஆள் பத்தல, சாயங்காலம் நாலு மணிக்கு வர முடிஞ்சவங்க வாங்க.

முருகா சரணம்.